தறி நின்ற முதல் ராத்திரி

கூலி உயர்வு கேட்டுத்
தறியை நிறுத்தின அன்றைக்கு ராத்திரி
சோமனூருக்கே வாய் கட்டினது போலிருந்தது.
அப்போதுதான் கேட்டது
என் மகள் மூச்சு இழுக்கிற சத்தம்.

பாவு அறுந்தால் சத்தத்திலேயே தெரியும் எனக்கு.
பன்னிரண்டு தறியில்
எதன் நாடா தடுக்குதென்று
முதுகைக் காட்டி நின்றே சொல்வேன்.
சுவருக்கு அந்தப்புறம் தொட்டிலில்
எழுபது நாள் பிள்ளை
எத்தனை நாளாய் இப்படி இழுத்தாளோ.

சளி என்றார் மருந்துக்கடைக்காரர்.
மாந்தம் என்றார்கள் பக்கத்து லைனில்.
தாடையில் பத்தாம் நாள் முளைத்த
சிவப்பு மச்சத்தை
ராசி, ராசி என்று
ஒறம்பரையெல்லாம் தொட்டுப் பார்த்துப் போனது.

உள்ளே இழுக்கும்போதுதான் சத்தம்.
விலாவுக்குக் கீழே
ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு குழி,
புளியங்கொட்டை வைத்தால் நிற்கும்.
அழுதாள்,
உதடு நாவப்பழமாச்சு.
அப்புறம் அழவுமில்லை.

நூற்றியெட்டு வந்தது.
கருமத்தம்பட்டி தாண்டி அவினாசி ரோட்டில்
டிரைவர் மயில்சாமி ஒரு வார்த்தை பேசவில்லை.
வேண்டிக்கொள்ள ஒரு சாமி பேரும்
எனக்கு வாயில் வரவில்லை.
மூச்சை எண்ணினேன்.
அறுபது. அறுபத்தெட்டு.
நீலம்பூர் பாலத்தில் எண்ணிக்கை தப்பியது.

குழல் இறக்கினார்கள்,
ஈர்க்குச்சியைவிடக் கொஞ்சம் கனம்.
"இதுக்கும் சின்னது எங்ககிட்ட இல்லீங்க"
என்றார் டாக்டரம்மா, வேர்த்துப்போய்.
பிறகு ஒரு தாளில் வட்டம் போட்டு
முக்கால்வாசியைப் பேனாவால் அடைத்தார்.
"கட்டிங்க. ரத்தக்குழாய்க் கட்டி.
தாடையில இருக்குதே,
அதேதான் தொண்டைக்குள்ளயும்."

தங்கக்கட்டி, வெல்லக்கட்டி என்று
கொஞ்சிக்கொண்டிருந்த கோகிலா
அதற்கப்புறம்
பிள்ளையைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.

மருந்து, பெரியவர்களுக்கு
நெஞ்சுப் படபடப்புக்குக் கொடுப்பதாம்.
ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து
பால் குடித்த பிறகு, நாளைக்கு ரெண்டு வேளை.
தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுக்கணும்.
மச்சம் வெளுத்து வருகிறது.
ராசி போகுதே என்று
யாரோ சொன்னதற்கு
கோகிலா சிரித்தாள், ரொம்ப நாளைக்குப் பிறகு.

ஒப்பந்தம் கையெழுத்தாகித்
தறி ஓடி மூணு மாசம்.
மணிக்கொரு தரம்
மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுச்
சுவரில் காதை வைக்கிறேன்.
"ஏப்பா, உன்ற ஷிப்டுல மட்டும்
மீட்டர் கொறையுதே?"
என்கிறார் முதலாளி.

கரண்டு சரியில்லீங்க என்கிறேன்.