பதினோரு நிமிடம்

சந்தபுரியில் சனிக்கிழமை என்றால்
தெருவே ஒரு மேசை.
விளக்கின் கீழ் கைகள், கைகளின் கீழ் வெள்ளைத்தாள்,
தாளின் மேல் மடகாஸ்கர், நைஜீரியா, மோண்டானா
எல்லாம் ஊர் சொல்லாத ஒரே நீலமாய்.

பிரயூன் என் ஆய்வகத்துக்கு வந்தபோது மணி நான்கு.
சட்டையில் உலைச்சூட்டின் வாசம்.
பின்னால் பங்காலி, கினியாக்காரர்,
பன்னிரண்டு வருடமாய் இங்கே வாடகைக்கு மேசை போட்டவர்.
பேரம் தாய்லாந்து பாஷையில், சத்தியம் மட்டும் பிரெஞ்சில்.
"சுடாதது," என்றார்.
"இலாகாகா ஆற்று மண்ணிலிருந்து நேராக
என் தம்பி கைக்கு வந்தது."

மூன்று கேரட், கொஞ்சம் அதிகம்.
முதலில் திரவத்தில் அமிழ்த்தினேன்.
நிறம் பட்டைகளின் விளிம்பில் அப்பிக்கொண்டு நிற்கவில்லை;
டைட்டானியம் ஊட்டிச் சாயமேற்றியதில்லை.
உள்வரிகளும் வளையவில்லை,
நேராய் ஓடி நூற்றிருபது பாகையில் திரும்பின;
தீச்சுடரின் கீழ் சொட்டிச் சொட்டி
ஒரே பிற்பகலில் வளர்ந்ததில்லை.
பூமிதான் பெற்றது.
அதுவரை நான் பங்காலி பக்கம்.

பிறகு பட்டுநூலைத் தேடினேன்.
சுடாத நீலத்துக்குள் ஊசி ஊசியாய் இருக்கும் அது,
மூன்று திசையில் நெய்து,
பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும் மினுங்கும்.
இதில் ஊசிகள் இல்லை.
ஊசிகள் நின்ற இடத்தில் புள்ளிகள்,
எறும்பு வரிசையை யாரோ ஊதிக் கலைத்த மாதிரி.
சற்றுத் தள்ளி ஒரு சின்னப் படிகம் வெடித்து,
தன்னைச் சுற்றி ஒரு வட்டத் தட்டு.
அதை ஒட்டி இன்னொன்று,
பாதியில் நின்றுபோன பிறை.

"சுட்டது," என்றேன்.
பங்காலி தலையில் கைவைத்தார்.
நடிப்பில்லை; நடிப்பை நான் தினம் பார்க்கிறேன்.

"நகரு மாலிவன்" என்று
பிரயூன் நுண்ணோக்கிக்குள் குனிந்தான்.
வெகுநேரம் நிமிரவில்லை.

"ஆகஸ்ட் மாசம். எட்டு வருஷம் இருக்கும். பெருமழை.
மின்சாரம் போச்சு,
ஜெனரேட்டர் பதினோரு நிமிஷம் அடம்பிடிச்சுது.
ஆயிரத்து அறுநூறு பாகையில் இருந்த மூசை
ஒரேயடியாய்க் குளிர்ந்துபோச்சு.
பாதிக் கல் பிளந்தது.
பிழைத்ததில் எல்லாம் இந்தப் பிறை.
இது என் நெருப்பு."

அப்படியானால் கணக்கு இது:
இலாகாகாவில் தோண்டியெடுத்து, இங்கே வந்து வெந்து,
பட்டை தீட்டும் முன்பே திரும்ப விமானமேறி,
அதே ஆற்றங்கரையில் சேறு பூசிக்கொண்டு
புதிதாய் ஒருமுறை பிறந்து,
பங்காலியின் தம்பியிடம் கன்னிக்கல்லாய் விலைபோய்,
தன்னைச் சுட்டவன் முன்னாலேயே
சுடாதது என்று வந்து நிற்கிறது.

என் சான்றிதழில் பிறந்த மண்ணுக்கு ஒரு கட்டம்,
வெப்பத்துக்கு ஒரு கட்டம்.
மடகாஸ்கர். ஆம்.
பொய் சொன்னது யார் என்பதற்குக் கட்டமில்லை.
இருந்தாலும் எத்தனை பேரை எழுதுவது?

கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு
பிரயூனே வாங்கிக்கொண்டான்.
பங்காலி பணத்தை இரண்டு முறை எண்ணினார்,
தம்பிக்குப் போன் போட்டார்,
மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஞாபகத்துக்கா?" என்று பிரயூனைக் கேட்டேன்.
விநோதமாய்ப் பார்த்தான்.
"இன்னொரு சூடு தாங்கும். நிறம் இன்னும் ஏறும்."
பிறையில் பிளக்கும் என்றேன்.
பிளக்கலாம் என்றான்,
வாசலில் நின்று
மேற்கே வானம் கறுக்கிறதா என்று பார்த்தபடி.