மூன்றாம் டிவிஷன், வீடு எண் 26

இரவு ஒன்பதுக்கு செம்பனை ஆலையின் சங்கு ஊதும்.
நானும் லிங்கேஸ்வரனும் சுவரைப் பார்த்து உட்காருவோம்.
சுவரில் பெட்டி, பெட்டியில் பச்சைப் பொட்டு.
வீட்டுக்கு நாற்பது வாக்கியம்,
ஆளுக்கு இருபது. கும்பனிக் கணக்கு.

குறைந்தால் முதலில் காற்றாடி நிற்கும்,
அப்புறம் குழாய்,
அப்புறம் லாரி வரும்.

இருபத்தேழில் இருந்த தர்மாவும் அமராவும்
ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.
மீன் தலையை யார் தின்றது என்பதில் ஆரம்பித்ததாம்.
அவர்கள் மெத்தையை லாரியில் ஏற்றியபோது
சுங்கை லாலாங் முழுக்கப் பார்த்தது:
நடு மேடாக நிற்க
இரண்டு ஓரத்திலும் இரண்டு பள்ளம்.
எங்கள் மெத்தையும் அப்படித்தான்.
பூப்போட்ட போர்வை விரித்து வைத்திருக்கிறேன்.

பட்டியலில் இருப்பதுதான் எண்ணிக்கையில் சேரும்.
நீ இல்லாமல் எனக்கு யார்.
இன்று உன் முகம் நன்றாக இருக்கிறது.
மறுபிறவியிலும் நீயே வேண்டும்.
அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி சொல்வார்.
நாளைய சம்பலுக்கு நெத்திலித் தலை கிள்ளியபடி நான் சொல்வேன்.
பெட்டிக்குக் குரலின் சூடு தெரியாது,
சொல் மட்டும் தெரியும்.

பதினோரு வருடம்.
ஒருநாள் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன்.
எண்பதாயிரம் தடவை என்னை நேசித்திருக்கிறார்.
சம்பலில் காரம் தூக்கல் என்று
ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.
அது பட்டியலில் இல்லை.

செவ்வாய்க்கிழமை புகைமூட்டம்.
எதிர்வரிசை வீடே தெரியவில்லை,
ஆந்தைக் கூண்டு மட்டும் கம்பத்தில்
தலையில்லாத ஆள் மாதிரி நின்றது.
கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டடை அடித்தேன்.
துடைப்பம் பட்டு
பெட்டியின் மூடி கழன்று விழுந்தது.

உள்ளே ஒரு பல்லி.
வயரைக் கவ்வியபடி செத்து,
காய்ந்து, காகிதமாய்.
எறும்புகள் வந்து வேலை முடித்துப்
போயும் வெகுநாளாகியிருந்தது.

பொட்டு மட்டும் பச்சையாய் எரிந்தது.
அதன் பின்னால் கைக்கடிகார பேட்டரி ஒன்று,
கறுப்பு டேப் சுற்றி.
டேப்பின் ஓரத்தில் பல் தடம்.

டிவிஷனில் பெட்டி பழுது பார்க்கும் வயர்மேன் ஒருவர்தான்.
கத்தரிக்கோல் பையிலேயே இருக்கும்,
ஆனாலும் டேப்பைப் பல்லால்தான் கடிப்பார்.
கும்பனிக்குப் போகிற எண்ணையும்
அவரே எழுதி அனுப்புகிறார் போல.

ஒரு பல்லி இப்படிக் காய எத்தனை மாதம் ஆகும்?
யாரிடம் கேட்பது.
நேற்றிரவு
மறுபிறவியிலும் நீயே வேண்டும் என்றாரே,
யாருக்குச் சொன்னார்?
நான் தெரிந்துகொண்டால் வாயை மூடிக்கொள்வேன் என்று
பயந்தாரா?
இல்லை, பழக்கமா?
ஆலையை விட்டு நின்ற பிறகும்
நாலு மணிக்கே எழுந்து பூட்ஸைத் தேடும் கிழவர்கள் உண்டு.

மூடியைத் திரும்பப் பொருத்தினேன்.
பல்லியை எடுக்கவில்லை.

ஒன்பது மணி. சங்கு.
அவர் இருபதையும் முடித்தார்.
நான் பதினெட்டில் நிறுத்தினேன்.

வெளியே பழக்குலை லாரி ஒன்று
கியர் மாற்றித் திணறிப் போனது.
காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.
அவர் பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை.
என் விரல்களைப் பார்த்தார்,
நெத்திலிச் செதில் ஒட்டியிருந்த விரல்களை.

'இன்னும் ரெண்டு' என்றார்.

எனக்குத் தொண்டை வறண்டது.
பட்டியல் முழுதும் மனப்பாடம்,
ஒன்றும் வரவில்லை.

'சம்பல்ல காரம் தூக்கலா?'

நெடுநேரம் அப்படியே இருந்தார்.
பிறகு மடியில் கிடந்த கையில்
ஒரு விரலை மடக்கினார்.

பத்தொன்பது.