உறைபெட்டியில் கயா

விடிகாலை மூன்று மணி.
முகத்தில் குளிர் பட்டால் மூச்சு இளகும் என்றொரு நினைப்பில்
உறைபெட்டியைத் திறந்தேன்.
பரோட்டாப் பொட்டலத்துக்கும் வஞ்சிரத் துண்டுக்கும் நடுவே
பிளாஸ்டிக் பைக்குள் குந்தியிருக்கிறது
நேத்ராவின் முயல். பெயர் கயா.
கண்ணாடிக் கண்ணில் பனி பூத்திருக்கிறது.
நாளைச் சாயங்காலம் வரை சிறை.

குற்றம் அதனுடையதல்ல.
மருத்துவமனையில் அவள் முன்கையில்
வரிசையாகத் துளிகள் வைத்து ஊசிமுனையால் தொட்டார்கள்.
கால் மணி நேரம் சொறியக்கூடாது.
ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
நண்டு சும்மா இருந்தது.
பூனையும் சும்மா இருந்தது
(மூன்று மாதமாய் அடுத்த வீட்டு சுராயாவின் பூனையை
முறைத்துக்கொண்டிருந்தேன், மன்னிப்புக் கேட்கவேண்டும்).
பொங்கி வீங்கியது தூசுப் பூச்சியின் துளி.
கண்ணுக்குத் தெரியாது.
நம் தோலுதிரியைத் தின்று
நம் தலையணையில்
நமக்கு முன்பே படுத்துக்கொள்வது.

அன்றிலிருந்து வாரம் ஒருமுறை
விரிப்பு, உறை எல்லாம் கொதிநீருக்கு.
முயல் பனிக்கு, பிறகு சலவைக்கு.

இரண்டு குழல் தந்தார்கள்.
நீலம், நெஞ்சு இறுகும்போது.
ஆரஞ்சு, ஒன்றுமில்லாத நாட்களுக்கு.
ஒன்றுமில்லாத நாளில் எதற்கு மருந்து என்றேன்.
தாதி ஹுவீ மின் பதில் சொல்லாமல்
என் தோள்கள் ஏறி இறங்குவதையே பார்த்தார்.
"உங்களுக்கு எப்போதிலிருந்து?"

எனக்கா?

மின்தூக்கி பழுதான நாட்களில்
ஆறாம் மாடியில் நின்று
கைப்பேசியில் ஏதோ படிப்பதுபோல் நடிப்பேன்.
ஏழாம் மாதம் கீழே காகிதம் எரியும்போது
படாரென்று சன்னலைச் சாத்திவிட்டு
அதைக் கோபம் என்று சொல்லிக்கொள்வேன்.
வாய்விட்டுச் சிரித்தால் இருமல் வரும்,
அதனால் சிரிப்பையும் சிக்கனமாக்கியிருந்தேன்.
நாற்பத்து மூன்று வயது, எடை போட்டுவிட்டது,
அவ்வளவுதான் என்று.

கருவியில் ஊதச் சொன்னார்கள்.
முள் இருநூற்று நாற்பதில் நின்றுவிட்டது.
"கேக் மெழுகுவத்திகூட அணையாதும்மா"
என்றாள் என் மகள், இரக்கமில்லாமல், சரியாக.

ஒரே நாளில் வாங்கினோம், ஒரே ஆரஞ்சு.
ஒவ்வொரு அழுத்தத்துக்கும் முதுகில் ஓர் எண் குறையும்.
அவளுடையது நாற்பதில் இருக்கிறது.
என்னுடையது நூற்றுப் பன்னிரண்டில்.
இன்றைக்கு நன்றாகத்தானே இருக்கிறேன்
என்று நான் நினைத்த காலையும் மாலையும் எல்லாம்
அந்தச் சின்னச் சன்னலில் கணக்காய் நிற்கின்றன.

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில்
பச்சை, மஞ்சள், சிவப்பு.
இரவில் விழித்தால் மஞ்சள்.
இந்த வாரம் இது மூன்றாவது.
தெற்கிலிருந்து புகைமூட்டம் என்று
காற்றின் மேல் பழி போடலாம்.
ஈசூனே இந்நேரம் மூச்சுவிட்டுத் தூங்குகிறது.

முதலில் நீலம். உட்கார்ந்து, காத்திருந்து,
விசில் சத்தம் மெதுவாய்ப் பின்வாங்கும் வரை.
தாளின் கீழிருக்கும் எண்ணுக்குக் காலையில் அழைக்கவேண்டும்.
பிறகு மற்றதை எடுத்து உலுக்குகிறேன்.
முழுக்க வெளிவிட்டு, உதடு பொருத்தி,
அழுத்தி, மெல்ல இழுத்து,
பத்து எண்ணும் வரை பிடித்து.
இன்னொரு முறை.
வாய் கொப்பளித்துத் துப்புகிறேன்.

நூற்றுப் பத்து.