பிழைத்தல்

மாங்குளம் தாண்டும்வரை
வானிலை அறிக்கை சரியாகத்தான் இருந்தது.
பிற்பகல் மூன்று, சிதறிய முகில்,
காற்று வடகிழக்கு, எட்டு நொட்.
பிறகு, முறிகண்டிக்கு மேலே,
அறிக்கையில் இல்லாத ஒன்று
எழுந்து நின்றது.

பின்னிருக்கையில் குகபாலன், நில அளவைத் திணைக்களம்.
காலையிலிருந்து முப்பத்தொரு குளங்களைப் படமெடுத்துவிட்டான்.
"இன்னும் ரெண்டுதான் அக்கா."
அந்த இரண்டுக்காக
நான் திரும்பாமல் விட்ட நிமிடங்கள் ஆறு.

முதலில் வெளிச்சம் போனது.
அதன்பின் கீழ் என்பதே போனது.
ஆயிரம் கிலோ இயந்திரத்தை
யாரோ சுளகில் இட்டுப் புடைத்தார்கள்.
நானும் அவனும் கமராவும்
மணியா பதரா என்று தெரியாமல்
எழுந்து எழுந்து விழுந்தோம்.

பயிற்சிக் கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கிறது:
முகிலுக்குள் காது பொய் சொல்லும்.
நேராகப் போகிறாய் என்னும்,
நீ சரிந்துகொண்டிருப்பாய்.
காதை நம்பாதே, கருவிகளை நம்பு.

ஆனால் என்னை வளர்த்ததே காதுதான்.
ஒன்பது வயதில், விசுவமடுவில்,
கிபிரா, வண்டா, கெலியா என்று
சோற்றுக் கோப்பையிலிருந்து தலை நிமிராமல் சொல்வேன்.
அம்மா என் முகத்தைப் பார்த்துத்தான்
அடுப்பை அணைப்பதா, ஓடுவதா என்று முடிவெடுப்பாள்.
பங்கரின் ஈரச் சுவரில் காதை ஒட்டி
விழுந்தது எத்தனை வளவு தள்ளி என்று சொல்வேன்.
ஒரேயொருமுறைதான் பிழைத்தது.
எங்கள் தமிழில்
அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம்.
இரண்டும் அன்று நடந்தன.

இப்போது அதே காது
வலப்பக்கம் சாய்கிறாய், வலப்பக்கம் சாய்கிறாய் என்று கத்துகிறது.
முன்னாலிருக்கும் செயற்கை அடிவானமோ
இல்லை, இடப்பக்கம் என்கிறது.
உள்ளங்கையளவு கண்ணாடி,
பாதி நீலம், பாதி மண்ணிறம்.
உலகத்தில் மிச்சமிருப்பது அவ்வளவுதான்.

என்னைக் காப்பாற்றிய காதே,
கொஞ்சம் வாயை மூடு.

தொண்ணூற்றைந்து நொட்.
இறக்கை சமன்.
விரல் நுனியால், மிக மெதுவாக,
ஒரு நூற்றெண்பது பாகை.

இரணைமடு ஓடுபாதையைக் கேட்டேன்.
காத்திருங்கள் என்றது ஒரு குரல், ஆங்கிலத்தில்.
மின்னலுக்கு அந்த மொழி தெரியவில்லை.

நானூறு அடியில் முகில் கிழிந்தது.
உழுத வயல். செம்மண் ஒழுங்கை.
மழை இன்னும் எட்டாத ஒரு துண்டு நிலம்.
அதில் லாண்ட்மாஸ்டரோடு ஒரு ஆள்.
அண்ணாந்தான்.
இயந்திரத்தை அப்படியே விட்டுப் பாய்ந்து
வரம்போரம் குப்புற விழுந்தான்,
பிடரியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு.
விரல்களை எப்படிக் கோக்க வேண்டுமென்று
எனக்கும் தெரியும்.

எழும்புங்கோ, ஒண்டுமில்லை, நான்தான் —
யாரிடம் சொல்வது?
இறக்கையை ஆட்டிக் காட்டலாமென்று நினைத்தேன்.
காற்று ஏற்கெனவே ஆட்டிக்கொண்டிருந்தது.

இறங்கலாம் என்றது குரல்.
சக்கரங்கள் தண்ணீரைத் தொட்டன.
குகபாலன் வாந்திப் பையை முடிச்சுப் போட்டுவிட்டு
"அந்த ரெண்டு குளமும்?" என்றான்.
"நாளைக்கு."

சாவியைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்தினேன்.
இறக்கைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.
கதவைத் திறந்து வைத்தபடி
நெடுநேரம் இறங்காமல் இருந்தேன்.
எங்கோ ஒரு லாண்ட்மாஸ்டர்
திரும்ப ஓடத் தொடங்கும் சத்தத்துக்காக
காது
மழையை விலக்கி விலக்கித்
தேடிக்கொண்டிருந்தது.