கொம்புக்குள் ஏறியவன்

இந்த வங்கிக்கு மட்டும் என்ன
கொம்பா முளைத்திருக்கிறது என்று
பாடாங்கில் யாரும் கேட்க முடியாது.
முளைத்திருக்கிறது. ஆறு.
நாலு பெரிசு, முகப்புக்கு மேல் இரண்டு சின்னது.
ஜகார்த்தாவிலிருந்து வந்த வரைபடத்தில்
அதற்குப் பெயர் 'மண்ணின் அடையாளம்'.
என் ரசீதில்: கூரை ஒழுகல், மூன்றாம் தடவை.

இடப்பக்கக் கொம்புக்கு ஒரு கதவு உண்டு,
குனிந்து நுழைய வேண்டும்.
உள்ளே ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்றால்
இரும்புச் சட்டம்,
ஆரஞ்சு நிறத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி,
கைபேசிக் கம்பெனியின் கறுப்பு வயர்கள்,
எவனோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.
சண்டையில் ஜெயித்த எருமை என்று
வெளியே பலகையில் எழுதியிருக்கிறது.
உள்ளே தட்டினால்
தகரம்தான் 'யார்?' என்கிறது.

டெஸ்மாவாத்தியின் தாய்வீட்டிலும்
இதே வளைவு.
அது பெண்வழிச் சொத்து. புருஷன்காரன்
வெட்டிய மரத்தடிமேல் படிந்த சாம்பல்,
ஊதினால் போய்விடுவான் என்பார்கள் எங்கள் ஊரில்.
பதினாறு வருடத்தில் அந்தக் கூரைக்கடியில்
எந்தப் பலகையையும் நான் தொட்டதில்லை.
இங்கே ஏறிப் பார்க்க எனக்கு
முத்திரை குத்திய அனுமதிச்சீட்டு இருக்கிறது.

கீழ்த்தளம் வேறு ஜாதி.
டச்சுக்காரன் காப்பி மூட்டைக்குக் கட்டிய கிடங்கு.
முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர்,
ஆள் உயரத்தைத் தாண்டும் மரச்சிறகு ஜன்னல்கள்.
மூட்டைக்குக் காற்று வேண்டும் என்று
அவனுக்குத் தெரிந்திருக்கிறது,
சுமந்தவனைப் பற்றித்தான் தெரியவில்லை.
இடிக்கக்கூடாது என்று நகராட்சி சொன்னதும்
இடிக்காமல் விட்டார்கள்:
ஜன்னலுக்குத் திருகாணி,
காற்றுத்துளைக்குச் சிமெண்ட்,
உச்சிக்கு வெள்ளைச் சதுரங்களால் பொய்க்கூரை,
அதற்குமேல் எருமை.

புதன்கிழமை பதினொன்று பத்துக்கு
மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமியது, இருமியது, படுத்துவிட்டது.
டோக்கன் எண் எழுபத்து மூன்றில் நின்றது.
நாற்பது பேரின் வியர்வை
குளிர்க்கண்ணாடியில் முகம் பார்க்கத் தொடங்கியது.
ஓய்வூதியப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்த அம்மாள்
'கடலோரத்தில் கட்டிவிட்டு
கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்' என்றாள்,
யாரையும் பார்க்காமல்.

காவலாளி மார்லிஸ் என்னிடம் வந்து
திருப்புளி கேட்டான்.
பத்தொன்பது திருகாணி.
கடைசி இரண்டும் துருவில் அழுதன.
பிறகு ஜன்னல்
தன் எடையாலேயே திறந்துகொண்டது.

பதாங் அராவ் ஆறு உள்ளே வந்தது:
டீசல், கருவாடு, ஈரக்கயிறு,
படகுக்காரன் யாரையோ திட்டும் சத்தம்.
பணம் செலுத்தும் படிவங்கள்
பறந்து போய்
கடன் பிரிவு மேசையில் இறங்கின.
சூடெல்லாம் எழும்பி
ஓர் ஓட்டையைத் தேடியது.
எந்த ஓட்டை?
ஒழுகி ஒழுகி நைந்து விழுந்த
மூன்றாம் வரிசைச் சதுரம்.
நான் இரண்டு தடவை அடைத்து
இரண்டு தடவையும் தோற்ற அதே இடம்.
அதன் வழியே மேலே,
நான் சாத்த மறந்த சின்னக் கதவின் வழியே
இருட்டுக்குள்.

அப்போதுதான் அது கேட்டது.
தாழ்ந்த, நீண்ட, ஒற்றை ஸ்வரம்.
கூடம் அண்ணாந்தது.
தகரமோ தண்ணீர்த் தொட்டியோ தெரியாது,
கொம்பு ஊதியது.

மேலாளர் யுஸ்னிதார்
முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு
ஜன்னலருகே நின்றார்.
எட்டு வருடமாக அதே சுவருக்கு
முதுகு காட்டி உட்கார்ந்தவர்.
'இங்கே ஆறு தெரியுமா?' என்றார்.

விளக்குகள் வந்தன.
எழுபத்து நான்கு, என்றது பெண்குரல்.
'மூடிவிடுங்கள்' என்றார், என்னிடம்;
கொஞ்சம் பொறுத்து, 'ஜன்னலை நாளைக்கு.'
'ஓட்டையை?'
அவர் பதில் சொல்வதற்குள்
அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

ரசீதில் வேலை விவரம் என்ற கட்டம்
இன்னும் காலியாக இருக்கிறது.
மேற்கே மேகம் கட்டுகிறது.