முழங்காலில் நிற்கிற வேலை

எக்ஸ்றேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து
"இங்க இடைவெளி இருக்க வேணும்" என்றார்
டொக்டர், சிங்களம் தட்டும் தமிழில்.
எலும்போடு எலும்பு ஒட்டி உரசி நின்றது,
காலமை கிளிநொச்சி பஸ்ஸில்
நானும் பக்கத்தில் நின்றவளும் போல.

"என்ன வேலை?"
"கண்ணிவெடி எடுக்கிறது. பதினொரு வருசம்."
பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.
முழங்காலில் நின்று
ஒரு பாய் அகல மண்ணை
நாள் முழுக்க விறாண்டுவதை எழுத
கிளினிக் கொப்பியில் கோடு இல்லை.

நிறையைக் குறையுங்கோ.
குந்தாதேங்கோ, முழங்காலில் நிற்கவே வேண்டாம்.
கதிரையில் இருந்து காலை நீட்டி
பத்து எண்ணும்வரை பிடியுங்கோ.
நோவுக்குப் பனடோல், பூசக் களிம்பு.
தாங்காட்டி ஊசி, அது சில மாசம்.
அதுக்கும் மிஞ்சினால் மூட்டை மாத்துறதுதான்.
உங்களுக்கு நாற்பத்திநாலுதானே, பொறுப்பம்.

"மாத்தினால் என்ன வைப்பீங்கள்?"
"உலோகம். நடுவில பிளாஸ்ரிக்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கிட்டப் போனாலே டிடெக்ரர் கத்தும்.
சுகந்தமலர் சிவப்புத் தடி குத்திவிட்டுக்
கூப்பிடுவாள்:
அண்ணை, இஞ்ச ஒண்டு கிடக்கு.

டொக்டருக்கு விளங்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

மாங்குளத்தில் மழை.
இன்னும் மூன்று மீற்றர் மிச்சம்.
அங்கால் ஒருத்தரின் வயல்,
கயிற்றுக்கு வெளியே நின்று தினமும் கேட்பார்
எப்ப முடியும் பிள்ளை என்று.

பஸ்ஸிலேயே காலை நீட்டி எண்ணத் தொடங்கினேன்.
முன் சீற்றுக்காரர் திரும்பிப் பார்த்தார்.
ஏழில் விட்டுவிட்டேன்.