இரண்டு என்றதும்

நாங்கள் ஆறு பேர்;
ஆற்றையும் சேர்த்தால் ஏழு.
வியாழன் மாலை, கறித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து,
கையுறை கழற்றியும் விறைப்பு விடாத விரல்களோடு
டன்லாக் பாலத்தடியில் வண்டியை நிறுத்துகிறேன்.

முதலில் சோப்புத் தண்ணீர்.
போன வாரத்து ஆற்றை
இந்த வாரத்து ஆற்றுக்குள் கொண்டுபோகக் கூடாது,
பூட்ஸில் பாசி ஒட்டிக்கொண்டு வரும்.
ட்ரூடி வாளியோடு குனிகிறாள்.
மாப்பிள்ளை மாதிரி ஒவ்வொருத்தியாகக் காலை நீட்டுகிறோம்.

ஜனவரி.
வில்லோ இலையெல்லாம் சிவப்புக் கொப்புளம்.
அதைத் துளைத்துக்கொண்டு
குருணையிலும் சிறிய மஞ்சள் புழு
நீரில் விழுகிறது, விழுந்துகொண்டே இருக்கிறது.
நிழலில் நிற்கும் ட்ரவுட்டுக்கு
வாயைத் திறப்பது ஒன்றுதான் வேலை.

எங்களுக்கு அப்படியில்லை.
ட்ரூடி மகனின் பழைய பள்ளி ஸ்வெட்டரில் உருவிய மஞ்சள் நூல்,
கழுத்துக்கு அவள் நாயின் முடி,
பதினெட்டாம் நம்பர் கொக்கி.
புழுவைப் போலச் செய்தாலும்
ஈ என்றுதான் அதற்குப் பெயர்.
ஈவதாகக் காட்டி
எடுத்துக்கொள்ளப் பார்க்கும் ஈ.
இதைவிடப் பெரிய பொய்களைக் கட்டியிருக்கிறேன்,
கண்ணாடிகூடப் போட்டுக்கொள்ளாமல்.

மேல்கரையில் மேயும் நானூறு மாடுகள் ரேவினுடையவை.
மாதம் ஒருமுறை அந்தக் கரைக்குக் கீழே
பாட்டிலில் தண்ணீர் பிடித்து
சோதனைக்கு அனுப்புகிறவள் நைரி.
இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு ஃப்ளாஸ்க் இருக்கும்.
வியாழக்கிழமை அந்தப் பேச்சு கிடையாது.
யாரும் போட்ட விதியில்லை.
பேசாமல் பேசாமல் விதியாகிவிட்டது.

மரத்தடியில் ஒரு மூக்கு தெரிந்தது.
பிறகு அந்த மூக்கு இருந்த இடத்தில்
ஒரு வளையம்.
மூச்சைப் பிடித்து, கோலைத் தூக்கி,
நூல் பின்னால் நீளும்வரை பொறுத்து
முன்னே வீசினால் நூல் வரவில்லை.
வில்லோவில் மாட்டிவிட்டது என்று நினைத்தேன்.
வில்லோ கெட்ட வார்த்தை பேசியது.

ரேவினின் காது மடலில்
என் மஞ்சள் புழு.

"நானூறு காதில் அட்டை குத்தினேன்," என்றாள்,
"ஏதோ ஒரு மாடு உன்னை அனுப்பியிருக்கிறது."
சிரித்தவள் நானில்லை. எனக்கு முழங்கால் நடுங்கியது.
நைரிதான் வந்தாள்.
கொக்கியின் வளைவில் நைலான் நூலைச் சுற்றி
கட்டைவிரலால் கொக்கித் தலையைக் கீழே அழுத்தி
"மூன்று எண்ணுவேன், அசையாதே."

ரேவின் கண்ணை மூடவில்லை.
ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்று."

"என் வாய்க்காலில் போன மாதம் எவ்வளவு வந்தது?"

ஒரு பசு அந்தப் பக்கம் இருமியது.
ஃப்ளாஸ்க்கின் மூடி என் கையில் இருந்தது,
ஏன் இருந்தது என்று தெரியவில்லை.

"பதினொன்று புள்ளி நாலு," என்றாள் நைரி, அதே குரலில்,
"இரண்டு."
இழுத்துவிட்டாள்.

ரத்தம் யோசித்துத்தான் வந்தது, ஒரு துளி.
"மூன்று என்றாயே?"
"மூன்றுக்கு நீ தயாராக இருந்திருப்பாய்."

முள்ளை நசுக்கித்தான் வைத்திருந்தேன்,
அதனால் காயம் பெரிதில்லை.
ஈயைக் கொக்கியோடு திருப்பித் தந்தாள் ரேவின்:
"நல்லாத்தான் கட்டியிருக்கிறாய். நானே கடித்துவிட்டேன்."

அந்த மூக்கு மறுபடி வரவில்லை.
இருட்டும் முன் சாமான்களை ஏற்றும்போது பார்த்தேன்:
நைரியின் வண்டியிலிருந்து காலி பாட்டில் ஒன்றை எடுத்து
ரேவின் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.
கேட்கவில்லை.
நைரி முதுகைக் காட்டிக்கொண்டு
நெடுநேரம் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

கீழ் வளைவிலிருந்து கிளெனிஸின் சத்தம்:
இரண்டு கிலோ! இரண்டு கிலோ!
ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் விட்டுவிட்டிருந்தாள்.
அவள் சொல்லும் எடையில்
பாதியைத்தான் எப்போதும் நம்புவோம்.

"இருக்கட்டும்," என்றாள் ரேவின்,
காதில் காகிதத்தை அழுத்திப் பிடித்தபடி,
"சொன்ன எண் சொன்னபடியே இருக்கட்டும்."